பக்கத்து வீட்டுக்காரனைச் சொல்லாதே

மூன்று கிழமைக்கு முன்னர் அம்மான் நகரிலிருந்து ஒரு பெண் எனக்குச் செய்தி அனுப்பினாள். ஆங்கிலத்தில், மரியாதையாக, பிழையில்லாமல். தான் இன்னாரின் மகள் என்று தொடங்கினாள். அப்பா டென்மார்க்கில் அகதி மனுப் போட்டிருந்த காலத்தில் நீங்கள் அவருக்காக ஒரு கடிதம் எழுதி அனுப்பினீர்களாம், அதன் பிரதி இருந்தால் தருவீர்களா என்று கேட்டாள். வேறொரு நாடு எங்களை எடுப்பதா இல்லையா என்று விசாரணை நடக்கிறது, டென்மார்க் ஏன் நம்பவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், அந்தக் கடிதம் இருந்தால் அப்பா பொய் சொல்லவில்லை என்பது விளங்கும் என்றாள். கடைசியில் ஒரு வரி: "அப்பா இப்போதும் சொல்வார், அந்தத் தமிழன் எழுதினான், அவர்கள்தான் வாசிக்கவில்லை என்று."

அப்படி ஒரு கடிதம் இல்லை. தொலைந்துபோகவில்லை. நான் அதை எழுதவேயில்லை.

கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். பொறுமையாக எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும். எனக்கு இந்த வயதில் பொறுமை வரவில்லை, இரத்த அழுத்தம்தான் வந்திருக்கிறது.

அவரைப் பஸ்ராக்காரர் என்று எழுதுகிறேன். ஈராக்கின் தெற்கு முனையில், ஆறு உப்பாகிக் கடலுக்குள் போகும் பக்கத்து நகரம் அது. அந்த நகரத்துக்குத் தண்ணீர் வழங்கும் நிலையத்தில் பம்பு திருத்துகிறவராக இருந்தவர். மனைவியையும் மூன்று வயது மகளையும் விட்டுவிட்டு வந்து, டென்மார்க்கில் ரண்டர்ஸ் என்ற நகருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் இருந்த ஓர் அகதி முகாமில் முடிவுக்காகக் காத்திருந்தார். முடிவு நல்லதாக வந்தால் அந்த இரண்டு பேரையும் இங்கே கூப்பிடலாம். அவர் எழும்பியதும் சாப்பிட்டதும் சவரம் செய்ததும் அதற்காகத்தான்.

நூலகத்தில், பத்திரிகைகள் இருக்கும் மூலையில் சந்தித்துக்கொண்டோம். நான் அப்போது ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை. காலை வேலை முடிந்தால், அந்த ஆவியின் மணம் மூக்கை விட்டுப் போகும் வரைக்கும் நூலகத்தில் இருப்பேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஓட்டை டெனிஷ். அதை இங்கே என் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன்.

"நீ என்ன வேலை?" என்று கேட்டார்.

"சலவை. ஆனால் கவிதை எழுதுறனான்."

"எங்கட ஊரில எல்லாரும் கவிதை எழுதுவினம். தண்ணிதான் வராது."

அன்றிலிருந்து அவருக்கு நான் கவிஞர். எனக்கு அவர் இன்ஜினியர். நான் கவிஞனில்லை, வசனத்தை உடைத்து உடைத்து எழுதிக்கொண்டு திரிந்தவன். அவரும் இன்ஜினியர் இல்லை.

அகதியாக வந்த எங்கள் தமிழ் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேஸ் சொல்லிப் பார்ப்பது. முகாம் அறையில் தேத்தண்ணிக் கோப்பைகளை ஓரமாக வைத்துவிட்டு, ஒருவர் விசாரணை அதிகாரியாக உட்காருவார், புதிதாக வந்தவர் எதிரே உட்கார்ந்து தன் கதையைச் சொல்லுவார். அதிகாரியாக இருப்பவர் குறுக்கே கேட்பார், மடக்குவார், சிரிப்பார். பதினேழு வயதில் நான் வந்து இறங்கியபோது எனக்கு அதிகாரியாக உட்கார்ந்தவர் எங்கள் ஊர் அண்ணை ஒருவர். பிற்காலத்தில் ரண்டர்ஸில் கோயில் அலுவல்களுக்கெல்லாம் முன்நின்றவர்.

"தம்பி, ஆர் உன்னைக் காட்டிக் குடுத்தது?"

"பக்கத்து வீட்டு அண்ணை."

"வெட்டு. இயக்கங்களுக்குள்ள நடந்த சண்டை?"

"அதுவும் கிடக்கு."

"அதையும் வெட்டு. வெள்ளைக்கு உது விளங்காது. பக்கத்து வீட்டுக்காரன் எண்டு வாய் திறந்தாய் எண்டால், அது உன்ர சொந்தப் பிரச்சினை எண்டு எழுதி மூடிப்போடுவான். அரசாங்கம், ஆமி, மறியல் வீடு. மூண்டும் காணும்."

அது போதுமாகத்தான் இருந்தது. எனக்கு விசா கிடைத்தது. எனக்கு எழுத வரும் என்பதால் நானே மற்றவர்களுக்குக் கேஸ் எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். ஸ்கீவவிலிருந்தும் ஒடென்சேயிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களுடைய நெஞ்சு முட்டிய கதைகளில் கிளைகளை வெட்டி, ஒரு நேரான தடியாக்கிக் கொடுப்பேன். நான் எழுதிய கேஸ் ஒன்றும் தோற்கவில்லை. அந்தத் திமிர் என்னிடம் இருந்தது. கவிதையில் செய்ய முடியாததை நான் கேஸில் செய்துகொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது: ஒரு வரி கூட அதிகமில்லாத ஒன்று.

பஸ்ராக்காரரின் கதை நேரானதாக இல்லை. இரகசியப் பொலிஸ் அவரைப் பிடித்து மூன்று கிழமை வைத்திருந்தது. இடது கையில் இரண்டு நகங்கள் இல்லை. அது ஒரு கிளை. ஆனால் அவரைப் பிடித்துக் கொடுத்தது அடுத்த வீட்டுக்காரன். அவன் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஆயுதக்காரர்களோடு தொடர்புள்ளவன். ஒரு மத்தியானம் அவன் வீட்டுக் கொட்டிலுக்குள் பெட்டிகள் இறங்கியதை மதிலுக்கு மேலால் இவர் கண்டுவிட்டார். கண்டவர் சொல்லுவதற்கு முன்னர், இவரை ஆட்சிக்கு எதிரானவர் என்று அவன் பொலிஸிடம் சொல்லிவிட்டான். இவர் வெளியில் வந்த பிறகு அதே மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான்: இந்த அரசாங்கம் உன்னை விட்டாலும் அடுத்தது விடாது.

"இதில பக்கத்து வீட்டுக்காரனைச் சொல்லாதேங்கோ," என்றேன்.

"அவன்தானே தொடக்கம்?"

"தொடக்கம் உங்களுக்கு. அவங்களுக்குத் தேவை சர்வாதிகாரி. ஊரறிஞ்ச ஆள். ஒரு கேள்வி கேக்க மாட்டாங்கள்."

"எனக்கு அவரைவிட இவனில்தான் பயம், கவிஞர்."

"பயத்தை வீட்டில வைச்சிருங்கோ. நகத்தைக் காட்டுங்கோ."

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, சரி, இது உன் தொழில், என்பதுபோலத் தலையாட்டினார். நூலக மேசையில் நான் ஒரு பென்சிலால் அந்த மனிதனை, அவன் மதிலை, கொட்டிலை, பெட்டிகளை எல்லாம் ஒரு கோட்டில் அடித்துவிட்டேன். நல்ல கோடு. அவர் விசாரணைக்குப் போய் நான் சொன்னபடியே சொன்னார்.

முடிவு வருவதற்கு முன்னர் ஈராக்கின்மேல் யுத்தம் வந்தது. டென்மார்க்கும் படை அனுப்பியது.

சர்வாதிகாரியின் சிலை விழுந்த நாள் அவர் எங்கள் வீட்டில் இருந்தார். என் மனைவி கேசரி கிண்டினாள். கேஸ் சொல்லித் தந்த அதே அண்ணையும் வந்திருந்தார். தொலைக்காட்சியில் சங்கிலி கட்டிக் கவச வாகனம் இழுக்க, சிலை குனிந்து, கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல நின்று, பிறகு முறிந்தது. அண்ணை கைதட்டினார்.

"பாத்தியே! எங்கட நாட்டுக்கும் ஒருத்தன் வந்து இப்பிடி விழுத்தித் தர மாட்டானோ?"

"வந்தவங்கள்தானே அண்ணை. மறந்துபோனியளோ?"

"அது வேற."

"என்ன வேற? நீங்களும்தானே சந்தியில மாலையோட நிண்டனீங்கள்?"

"மாலை போட்டதும் உண்மை, பிறகு ஓடினதும் உண்மை. நீ கேசரியைத் தின்."

இந்திய இராணுவம் எங்கள் ஊருக்கு வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. காப்பாற்ற வந்தவர்கள் என்று சந்தியில் பந்தல் போட்டோம். சிப்பாய் ஒருவன் என் கன்னத்தைத் தட்டினான். மூன்று மாதத்துக்குள் அந்தச் சந்தியால் போவதற்கு வெள்ளைத் துணி பிடிக்க வேண்டியிருந்தது, பிடித்தும் எல்லாரும் போய்ச் சேரவில்லை. வந்தவன் போன பிறகு ஊருக்குள் யார் யாருடைய பெயரை யாரிடம் சொன்னார்கள் என்ற கணக்குத் தீர்ப்பது மிச்சமாக இருந்தது. அதில்தான் நான் ஓடி வந்தேன்.

இவ்வளவும் தெரிந்தவன் நான். தெரிந்தும், பஸ்ராக்காரரின் தட்டில் இரண்டாவது கரண்டி கேசரியை வைத்து, "இனி ஊருக்குப் போகலாம்," என்றேன். எங்கள் ஆட்களின் வாயில் அதைவிடப் பெரிய வாழ்த்து இல்லை. ஊருக்குப் போகலாம். வேறு ஒருவனுக்கு அதைச் சொன்னால் அவனும் மனம் குளிர்ந்துவிடுவான் என்று நினைத்தேன்.

அவர் கரண்டியைத் தொடவில்லை. திரையில் சனம் சிலையின் தலையைச் செருப்பால் அடித்துக்கொண்டிருந்தது.

"பக்கத்து வீட்டுக்காரன் இப்ப என்ன செய்துகொண்டிருப்பான்?" என்றார்.

அந்தக் கோடையில் டெனிஷ் படையினர் அவருடைய நகரத்துப் பக்கமே போய் இறங்கினார்கள். நூலகத்தில் பத்திரிகையை விரித்தால் படம்: சிவந்த கழுத்துள்ள பெடியன்கள், சுற்றிவரக் குழந்தைகள், நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். பஸ்ராக்காரர் படத்தை முகத்துக்குக் கிட்டப் பிடித்தார்.

"இது என்ர நிலையம்."

"சும்மா சொல்லாதேங்கோ."

"இந்த வால்வுக்கு நான்தான் பச்சை அடிச்சனான். கடையில வேற நிறம் இருக்கேல்லை." படத்தில் விரலை வைத்து, "இந்தப் பிள்ளை அதைப் பிழையான பக்கம் திருப்புறான்," என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். பக்கத்து மேசையில் ஒரு கிழவி திரும்பிப் பார்த்தாள். அவருடைய பம்பைத் திருத்த இங்கிருந்து ஆள் போயிருந்தது, பம்பு திருத்துகிறவர் இங்கே வேலை செய்ய அனுமதியில்லாமல் குந்தியிருந்தார். சிரிக்காமல் என்ன செய்வது.

முடிவு வந்தது. இரண்டு பக்கம். உமது பயத்துக்குக் காரணமாகக் காட்டிய ஆட்சி இப்போது இல்லை, ஆகவே பயமும் இல்லை, ஆகவே நீர் திரும்பிப் போகலாம் என்பது அதன் சாரம். அவருக்கு நான்தான் வாசித்துச் சொன்னேன். ஒவ்வொரு வசனமும் நேரான தடி. கிளையே இல்லை. நானே எழுதியதுபோல இருந்தது.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் என் தோளில் இருக்கிறது. வீட்டுக்குள் புகுந்து சர்வாதிகாரியை விழுத்தினார்கள். கதவையும் உடைத்துக்கொண்டு புகுந்தார்கள். பிறகு வெளியில் நின்ற வீட்டுக்காரனைப் பார்த்து, இதோ, உன் வீடு திறந்திருக்கிறது, போய்ப் படு என்றார்கள். கதவில்லாத வீட்டுக்குள் வேறு யார் புகுந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கவில்லை. தங்கள் பெடியன்களைக் கவச வாகனமில்லாமல் அந்தத் தெருவில் இறக்காதவர்கள், இவரைக் கையில் ஒரு பையோடு இறக்கலாம் என்றார்கள். யுத்தத்தையும் தாங்களே செய்து, அந்த யுத்தத்தைக் காரணமாகவும் காட்டினார்கள். இவ்வளவு சுத்தமான வேலையை நான் சலவைக்கூடத்திலும் கண்டதில்லை.

தன் மனைவி தொலைபேசியில் அழுதாள் என்றார் பஸ்ராக்காரர். பக்கத்து வீட்டுக்காரன் புதிய பொலிஸ் உடுப்போடு வந்து, கதவடியில் நின்று, உங்கள் கணவர் எப்போது வருகிறார் என்று விசாரித்துவிட்டுப் போனானாம். மகளுக்கு இனிப்பும் கொடுத்தானாம்.

மேல்முறையீட்டுக்கு ஒரு பெண் சட்டத்தரணியைப் பிடித்தார். அவளிடம் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி எல்லாம் சொன்னார். மதில், கொட்டில், பெட்டிகள், உடுப்பு. அவள் கேட்ட முதல் கேள்வி, இதை ஏன் முதல் விசாரணையில் சொல்லவில்லை? மேல்முறையீட்டு விசாரணையிலும் அதைத்தான் கேட்பார்கள் என்றாள். முதலில் சொல்லாததைப் பிறகு சொன்னால் கதை கட்டிச் சொல்லுகிறான் என்றுதான் எழுதுவார்கள். யாரோ சொல்லாதே என்றதால் சொல்லவில்லை என்றால், அந்த யாரோ ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும்.

அவள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "இரண்டு வரி போதும்," என்றாள். "நீங்கள் சொல்லித்தான் அவர் அதை விட்டார் என்று. அவருக்கு இருக்கும் ஒரே வழி இதுதான்."

ஓம் என்றேன். வைத்தேன். வீட்டில் சொன்னேன்.

எங்கள் பிரஜாவுரிமை விண்ணப்பம் அப்போது அதிகாரிகளின் மேசையில் ஏறியிருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரின் பெயரும் என் பெயருக்குக் கீழே. மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையைத் துடைக்காமல் வந்தாள்.

"இஞ்சருங்கோ, விசாரணையில இதைச் சொல்லு, இதைச் சொல்லாதை எண்டு ஆளுக்குச் சொல்லிக் குடுத்தனான் எண்டு எழுதி, கையெழுத்தும் வைச்சு, உங்கட பேரோட அனுப்பப் போறியளோ?"

"உண்மைதானே."

"உண்மை எண்டால்? நீங்கள் எழுதிக் குடுத்த கேஸ் எத்தினை? ஒண்டை இழுத்தால் எல்லாம் வரும். அந்தச் சனம் என்ன செய்யும்? என்ர பிள்ளையள் என்ன செய்யும்?"

அண்ணையிடம் கேட்டேன். அவர் அரை நிமிஷமும் எடுக்கவில்லை. "ஆளுக்கு வேறை உதவி செய். சமைச்சுக் குடு. கையெழுத்து மட்டும் வையாதை. விளங்குதோ?"

அவர்கள்மேல் பழியைப் போட்டுத் தப்ப முடியாது. அவர்கள் பயந்தவர்கள், பயப்பட நியாயம் இருந்தவர்கள். கை என்னுடையது. சட்டத்தரணி திரும்ப எடுத்தாள், வருகிற கிழமை என்றேன். மறுபடி எடுத்தாள், எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். மூன்றாம் தடவை, திங்கட்கிழமை கடைசி நாள் என்றாள். அந்தச் சனி ஞாயிறு ஸ்கீவவில் மனைவியின் சொந்தத்தில் வயதுக்கு வந்த ஒரு பெண்ணுக்குச் சாமத்தியவீடு. மண்டபத்தில் தோரணம் கட்டினேன், வடை சுட எண்ணெய்ச் சட்டி தூக்கினேன், கேட்காதவர்களுக்கும் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ்வளவு ஓடி ஓடி வேலை செய்ததை நான் என் சொந்தக் கலியாணத்திலும் செய்யவில்லை. திங்கட்கிழமையும் அங்கேயே நின்றோம், கதிரைகளை அடுக்க ஆள் இல்லை என்று. செவ்வாய் வீட்டுக்கு வந்தபோது தொலைபேசி சும்மா கிடந்தது.

மேல்முறையீட்டில் அவரை நம்பவில்லை.

முகாமில் இன்னும் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் போகிறாயா என்று கேட்டார்கள். கடைசியில் ஒரு நாள், தானாகப் போகிறேன் என்ற பத்திரத்தில் கையெழுத்து வைத்தார். அவருக்குக் கையெழுத்து வைக்கத் தைரியம் இருந்தது. புறப்படுவதற்கு முதல் நாள் மத்தியானம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, சப்பாத்துக் கழற்ற நேரமில்லை என்றார். மகளுக்கு வாங்கிய ஒரு மஞ்சள் மழைக்கோட்டைக் காட்டினார். அவள் இப்போது எவ்வளவு உயரம் என்று தெரியாததால் பெரிதாக எடுத்தாராம்.

"ஒண்டு கேக்கோணும், கவிஞர். எழுதினியா?"

"எழுதினன். அனுப்பினன். பிந்திப் போயிருக்கும்," என்றேன்.

"தக்," என்று டெனிஷில் நன்றி சொன்னார். என் கையைப் பிடித்தார். நகமில்லாத இரண்டு விரலும் என் உள்ளங்கையில் பட்டன. பிறகு பஸ் பிடிக்க ஓடினார்.

அந்தப் பொய்யைத்தான் அவர் பத்திரமாகக் கொண்டுபோயிருக்கிறார். ஊரில் அந்தத் தெருவில் ஒரு மாதம் கூட இருக்க முடியாமல், மனைவி பிள்ளையோடு நகரம் நகரமாக மாறி, எல்லை கடந்து அம்மானில் ஒரு கராஜின் பின்னறையில் வந்து நின்றபோதும் அது அவரிடம் இருந்திருக்கிறது. ஒருவன் எனக்காக எழுதினான். அவர்கள் வாசிக்கவில்லை. நான் சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கும்போதெல்லாம் அங்கே ஒரு வீட்டில் என்னைப் பற்றி நல்லபடியாகக் கதைத்திருக்கிறார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது. சிவப்புப் பாஸ்போட் நான்கு. என் பிள்ளைகள் டெனிஷில் சண்டை பிடித்து டெனிஷில் சமாதானமானார்கள். யுத்தம் பிழைதான் என்று இப்போது இங்கே எல்லாரும் சர்வ சாதாரணமாகச் சொல்லுகிறார்கள், மழை வருமென்றார்கள், வரவில்லை, என்பதுபோல. பிழை என்று சொன்ன யாரும் அந்த இரண்டு பக்க முடிவை எடுத்துத் திருத்தியதாக நான் கேள்விப்படவில்லை. நானும் திருத்தவில்லை.

மகளுடைய செய்திக்கு மூன்று நாள் பதில் எழுதவில்லை. பழைய திகதி போட்டு ஒன்று தயாரிக்கலாம் என்று யோசித்தேன். எனக்குத் தெரியாத வேலையா? பழைய தாள், பழைய விலாசம், இரண்டு வரி. அவளுக்கு உதவியும் ஆகும், என் பெயரும் கெடாது. பேனாவை எடுத்தபோது கையில் பழைய திமிர் ஏறியதை உணர்ந்தேன். இதையும் நேரான தடியாக்கத் துடித்தது. பேனாவை எறிந்தேன்.

பிறகு ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு கிளையையும் வெட்டவில்லை. மதில், கொட்டில், பெட்டிகள், மதிலுக்கு மேலால் வந்த வார்த்தை, பென்சில், கோடு. சட்டத்தரணி நினைவூட்டி எடுத்த மூன்று அழைப்பு. ஸ்கீவ. வாசலில் சொன்ன பொய். நான் சொல்லித்தான் அவர் சொல்லாமல் விட்டார், நான் பயந்துதான் அதை அன்று எழுதவில்லை. படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

ஒரு நாள் முழுக்க ஒன்றும் வரவில்லை. அடுத்த நாள் இரண்டு வசனம் வந்தது.

"கையெழுத்தை உறுதிப்படுத்திய முத்திரை வேண்டும் என்கிறார்கள். அப்பாவுக்கு நான் இதை வாசித்துக் காட்டப் போவதில்லை."

இன்று காலை கடிதத்தைப் புதுத் தாளில் திரும்ப எழுதி எடுத்துக்கொண்டு பஸ் எடுத்தேன். ரண்டர்ஸ் பஸ்களெல்லாம் இன்று நெற்றியில் இரண்டு சின்னக் கொடிகளைச் செருகிக்கொண்டு ஓடுகின்றன. வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட படையினருக்கான கொடிநாளாம், சாரதியிடம் கேட்டேன். அந்தச் சிவந்த கழுத்துப் பெடியன்களும் இப்போது நடுத்தர வயதுக்காரராகியிருப்பார்கள். அவர்களில் தூங்க முடியாதவர்களும் இருப்பார்கள், அவர்களோடு எனக்குப் பகையில்லை. கொடியோடுதான் பகை. அதைச் செருகிய பஸ் என்னையும் ஏற்றிக்கொண்டுதான் ஓடியது.

நீதிமன்றக் கட்டடத்தில் கையெழுத்தை உறுதிப்படுத்தும் மேசையில் ஓர் இளம் பெண் இருந்தாள். என் பாஸ்போட்டை வாங்கிப் பார்த்தாள். கடிதத்தின் உள்ளடக்கம் தன் பொறுப்பில்லை, கையெழுத்து மட்டும்தான் என்றாள். இருந்தாலும் கண் ஓடியது. நடுவில் நின்றது.

"இதில் சொல்லியிருப்பது இருபது வருஷத்துக்கு முந்தின விஷயம்," என்றாள். "மேலே இன்றைய திகதி போட்டிருக்கிறீர்கள். பிழையாகப் போட்டீர்களா?"

"இல்லை," என்றேன். "திகதி சரி."

அவள் முன்னால் கையெழுத்து வைத்தேன்.